வாசகர் கேள்வி – பதில்: துருவக் கடலுக்கு அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

துருவக் கடல்களுக்குச் செல்லும் சிறு கப்பல்களைப் பற்றிச் சில இதழ்களுக்கு முன்பு இப்பகுதியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு தாயோ தந்தையோ இருந்தார்கள். அவற்றில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது. தேவனாம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். தொலைக்காட்சியில் விலங்குகள் வரும் நிகழ்ச்சி எதையும் விடமாட்டார். பனிக்கரடியையும் பென்குயினையும் ஒரே பயணத்தில் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். "நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்று என் அண்ணன் தடுக்கிறார். எங்கே, எந்த மாதத்தில், எப்படிப்பட்ட கப்பலில் செல்வது? அம்மாவால் கரையில் இறங்க முடியாவிட்டால் கொடுத்த பணம் அத்தனையும் வீண்தானே? — வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பயணத்தைப் பற்றிய மற்ற முடிவுகள் எல்லாம் அதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தவை. வீண் இல்லை. என் தந்தையை அவருடைய 74ஆம் வயதில் அண்டார்க்டிக் தீபகற்பத்துக்கு அழைத்துச் சென்றேன். மூன்றாம் நாள் காலையில் மூட்டுவலி அதிகமாகிவிட்டதால் அவர் படகில் இறங்காமல் கப்பலிலேயே தங்கிவிட்டார். அவரைத் தனியே விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியோடுதான் நான் கரையில் இரண்டு மணி நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் மேல்தளத்தில் சமையலறை ஊழியர்கள் இருவரோடு நின்றுகொண்டு, கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று ஏழு முறை மூச்சுவிட்டு எட்டாம் முறை வாலைத் தூக்கிக்கொண்டு மூழ்கியதை எனக்கு விவரித்தார். நான் அன்று கரையில் பார்த்தவற்றில் பாதி, சக பயணிகளின் முதுகுகள்.

பனிக்கரடி வடதுருவப் பகுதியில் மட்டும் வாழ்வது. பென்குயின்கள் தென்கோளத்துக்கு உரியவை. ஆகவே ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க வழியில்லை. இரண்டில் எது வேண்டும் என்பதை நீங்களும் அண்ணனும் கூடி முடிவு செய்யாமல் அம்மாவிடமே கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன்பு ஓர் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நார்வேயின் ஆளுகைக்கு உட்பட்ட ஸ்வால்பார்டு தீவுகளில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பனிக்கரடிக்கு 300 மீட்டருக்கும் நெருக்கமாகச் செல்லக்கூடாது. மார்ச் முதல் ஜூன் இறுதி வரை அந்தத் தொலைவு 500 மீட்டர். தொலைக்காட்சியில் திரை நிறையத் தெரிந்த கரடி, அங்கே வெண்பனியின் மேல் நகர்ந்து செல்லும் இளமஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். பென்குயினுக்கு விதிக்கப்பட்ட தொலைவோ 5 மீட்டர். அதுவும் நமக்குத்தான், பென்குயின் அந்த விதியைப் படித்ததில்லையாதலால், அசையாமல் நின்றால் அதுவே நம் காலருகே வந்து பார்த்துவிட்டுப் போகும். முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு, நடக்காமலேயே நெருங்கிப் பார்க்கக் கிடைக்கும் விலங்கே மேல் என்பது என் கருத்து. ஆகவே கீழே சொல்பவை அண்டார்க்டிக்காவை மனத்தில் வைத்துச் சொல்பவை.

அங்கே கப்பல்கள் செல்லும் பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. நவம்பரில் பனி தூய்மையாக, அழகாக இருக்கும். அதே பனியில் முழங்கால் வரை கால் புதையும் என்பதால் உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை குஞ்சுகள் பொரிக்கும் காலம். படங்களில் பார்க்கும் பென்குயின் குடும்பக் காட்சிகள் பெரும்பாலும் அப்போது எடுத்தவை. பிப்ரவரியில் குஞ்சுகள் வளர்ந்து, கரை முழுவதும் எச்சமும் சேறுமாகக் கிடக்கும், நாற்றமும் குறைவில்லை. ஆனால் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கிரில் என்னும் சிறு இறால் போன்ற உயிரினத்தைத் தின்று கொழுக்கத் திரளும் நேரம் அதுதான். கரைக்குப் போகாதவரைத் தேடிக் கப்பலருகே வரும் விலங்குகள் மிகுந்த மாதம் என்பதால், பிப்ரவரியின் முதல் பாதியையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் வரும் நீச்சல்குளத்தைப் பார்க்காமல் பயணிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அண்டார்க்டிக் சுற்றுலா நடத்துநர்கள் 1991இல் தமக்குள் தொடங்கிய பன்னாட்டுச் சங்கத்தின் விதிகளின்படி, ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக்கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல், பயணிகளைக் கரையில் இறக்கவே கூடாது. 200 பேர் செல்லும் கப்பலில் பாதிப் பேர் கரையில் இருக்கும்போது மறுபாதிப் பேர் ரப்பர் படகில் பனிப்பாறைகளுக்கு இடையே சுற்றுவார்கள், பிறகு இடம் மாறுவார்கள். அம்மாவைப் போன்றவர்களுக்கு இந்தப் படகுச் சுற்று ஒரு வரம். படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே பனிமிதவையில் படுத்துறங்கும் சிறுத்தைச் சீல், நண்டுதின்னிச் சீல் என்னும் கடல் விலங்குகளைப் பார்க்கலாம். பெயர்தான் நண்டுதின்னி, அந்தச் சீல் தின்பது கிரிலை.

அந்தப் படகில் ஏறுவதுதான் உண்மையான தேர்வு. கப்பலின் பக்கவாட்டில் இறக்கிய படிக்கட்டு வழியாக இறங்கி, அலையில் ஏறித் தாழும் ரப்பர் படகுக்குள், மாலுமியின் முன்கையை நாமும் நம் முன்கையை அவரும் இறுகப் பற்றிக்கொண்ட நிலையில், கால் எடுத்து வைக்க வேண்டும். கரையில் பல இடங்களில் படகுத்துறை இருக்காது. படகின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் திருப்பி, முழங்காலுக்குக் கீழ் வரை உள்ள நீரில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன்பு அம்மாவை ஒரு நாள் பிச்சாவரத்துக்கு அழைத்துச் சென்று, துடுப்புப் படகில் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். அங்கே நீர் குளம்போல் அசையாமல் கிடக்கும், அண்டார்க்டிக் கடலில் அப்படி இராது. எனினும் பிச்சாவரத்திலேயே இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தால் விடை தெரிந்துவிடும். அம்மா சிறுமியாக இருந்தபோது கட்டுமரத்தில் ஏறியவர் என்று நீங்கள் சொல்லலாம். அந்த முழங்கால் வேறு, இந்த முழங்கால் வேறு.

கரையைப் பற்றி விளம்பரத் தாள்களில் பெரிதாகச் சொல்லாத இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, கரையில் கழிப்பறை கிடையாது, உணவும் கொண்டு செல்லக்கூடாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டு மணி நேரம் என்பது நீண்ட நேரம். மாத்திரை வேளையை மாற்றலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேண்டும்போது கப்பலுக்குத் திரும்பப் படகு உண்டா என்பதையும் முதல் நாளே குழுத் தலைவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, தரையில் உட்காரக்கூடாது. பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிக் பெருநிலத்திலும் உறுதி செய்யப்பட்டது. அதை ஒட்டி, கரையில் உட்காருவது, மண்டியிடுவது, பையைத் தரையில் வைப்பது எல்லாமே தடை செய்யப்பட்டன. அரை மணி நேரம் நின்றால் "அப்பாடா" என்று பாறையில் சாயும் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய சிரமம். ஆகவே கரையில் குறைந்த நேரமும் படகில் கூடுதல் நேரமும் கேளுங்கள். புடவையைப் பற்றியும் ஒரு சொல்: கப்பலுக்குள் தாராளமாக உடுத்தலாம், படகில் ஏறும்போது மட்டும் நீர் புகாத கால்சட்டையும் ரப்பர் காலணியும் கட்டாயம். ஊரிலேயே நாலு நாள் கால்சட்டை அணிந்து நடந்து பழகட்டும்.

அடுத்து, கடல் மயக்கம். அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல், சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும்; திரும்பி வரவும் அவ்வாறே. நம் வாடைக் காற்றுக்குக் கடலூர் துறைமுகத்தில் படகுகளைக் கட்டிப்போடும் நாள்களை அம்மா அறிவார். டிரேக்கில் மேலைக் காற்று எந்த நிலமும் தடுக்காமல் உலகைச் சுற்றி வருவதால், கடல் சில நாள் குளமாக இருக்கும், சில நாள் தட்டு, தம்ளர் எல்லாவற்றையும் உருட்டிவிடும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. காதின் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டை வயதானவர்களுக்குச் சில வேளைகளில் மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. எந்த மாத்திரை என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் முடிவு செய்து, ஒருமுறை கொடுத்தும் பார்த்துவிடுங்கள். ஆட்டம் மிகுந்த நேரத்தில் கனத்த கதவுகளின் விளிம்பில் கை வைக்கக்கூடாது. விரல் நசுங்குவது கப்பல்களில் அடிக்கடி நடக்கும் காயம்.

டிரேக்கைத் தவிர்க்க வேறு வழியும் உண்டு. சிலி நாட்டின் புன்டா அரீனாஸிலிருந்து இரண்டு மணி நேரம் விமானத்தில் பறந்து கிங் ஜார்ஜ் தீவில் இறங்கி, அங்கே கப்பல் ஏறலாம். விலை கூடும், வானிலை சரியில்லாவிட்டால் விமானத்துக்காகக் காத்திருக்க நேரும், விமானம் இறங்கும் இடத்திலிருந்து கரை வரை சரளைப் பாதையில் நடக்கவும் வேண்டும். ஆனால் இந்த வழிக்கு ஒரு மறைமுகப் பயன் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வெளியிட்டுள்ள பட்டியலில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் உள்ளன. அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா வருபவர் தடுப்பூசிச் சான்றிதழ் காட்டாவிட்டால் தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும்; கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஊசியால் அரிதாகக் கடும் பக்கவிளைவு வரக்கூடும் என்பதால், மருத்துவர் யோசித்துத்தான் எழுதுவார். வேண்டாம் என்று அவர் சொன்னால், பிரேசிலில் விமானம் மாறாமல் சிலி வழியாகச் செல்லும் பயணத்தைப் பாருங்கள். சில பயண முகவர்கள் இதைச் சொல்வதில்லை. எனக்குச் சொல்லவில்லை, பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு கிண்டிக்கு ஓடினோம்.

அண்ணன் கேட்டதும் நியாயமான கேள்விதான். கப்பலில் மருத்துவர் இருப்பார், சிறு மருத்துவ அறை இருக்கும், மருத்துவமனை இருக்காது. அவசரமானால் கப்பல் திரும்பவோ, விமானத்துக்குக் காத்திருக்கவோ நாள்கள் ஆகலாம். ஆகவே அவசர மீட்புச் செலவையும், ஏற்கெனவே உள்ள நோய்களையும் உள்ளடக்கிய காப்பீடு இல்லாமல் புறப்படவே கூடாது. பல நிறுவனங்கள் அது இல்லாமல் ஏற்றவும் மாட்டா. அண்மையில் இதயச் சிகிச்சை நடந்திருந்தாலோ, நடுவழியில் நிறுத்த முடியாத சிகிச்சை ஏதேனும் நடந்துகொண்டிருந்தாலோ நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். நீங்கள் எழுதிய அளவில் முழங்காலும் இரத்த அழுத்தமும் மட்டும் தடையாகத் தெரியவில்லை. மாத்திரைகளை இரண்டு பங்காக்கி இரண்டு கைப்பைகளில் வையுங்கள். அர்ஜென்டினா நேரம் நமக்கு எட்டரை மணி நேரம் பின்தங்கியது, அண்டார்க்டிக் கோடையில் இரவிலும் நெடுநேரம் வெளிச்சம் இருக்கும். மாத்திரைக்கு வெயிலைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கப்பலிலிருந்து பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பக்கத்தில், காற்று படாத மூலையில் அம்மாவுக்கு ஓரிடம் பிடியுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் இருநோக்கியில், கப்பல் ஆடும்போது காட்சியும் பத்து மடங்கு ஆடும். எட்டு மடங்கே போதும். முதலில் வெறுங்கண்ணால் அடிவானத்தை இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்துவரச் சொல்லுங்கள். தாழ்ந்து புதர்போல் விரியும் நீராவி கூன்முதுகுத் திமிங்கிலத்தினுடையது. தூண்போல் உயர்ந்து நிற்பது துடுப்புத் திமிங்கிலம். மூச்சே கண்ணில் படாமல் கறுத்த முதுகு மட்டும் வழுக்கிப் போனால் அது மிங்கி. பறவைகள் ஓரிடத்தில் திரண்டு நீரைக் கொத்தினால் அங்கே பார்வையை நிறுத்த வேண்டும். இதைத் தேவனாம்பட்டினத்துக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: என் தந்தை ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வயது 68. முப்பது ஆண்டுகளாக ஊசுடு ஏரியிலும் கழுவெளியிலும் பறவை பார்ப்பவர். அவருக்குப் பென்குயினைவிட ஆர்க்டிக் பறவைகளில்தான் நாட்டம். நன்றாக நடப்பார், காது மட்டும் மந்தம், கருவி வைத்திருக்கிறார். ஸ்வால்பார்டுக்கு எப்போது போகலாம்? — வாசகர், இலாசுப்பேட்டை, புதுச்சேரி.

பதில்: ஜூலை. ஜூனில் பல நீர்வழிகளைக் கடல்பனி அடைத்திருக்கக்கூடும். ஆகஸ்ட் நடுவில் பாறைச் சுவர்கள் காலியாகிவிடும். ஜூலை கடைசியில் ஆல்க்பியெல்லெட் என்னும் செங்குத்துப் பாறையருகே படகு சென்றால், பல்லாயிரம் கில்லிமாட் பறவைகள் விளிம்பு விளிம்பாக நெருக்கியடித்து நிற்பதைக் காணலாம். அப்போதுதான் மூன்று வாரக் குஞ்சுகள், இறகு முழுவதும் முளைக்காத நிலையிலேயே, பாறையிலிருந்து கடலை நோக்கிக் குதிக்கும். குதித்த குஞ்சைக் கடலில் கூட்டிச்சென்று உணவூட்டி வளர்ப்பது தந்தைப் பறவை. கீழே நரி காத்திருக்கும். எல்லாக் குஞ்சும் நீரில் விழாது என்பதை உங்கள் தந்தைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அவர் அறிந்திருப்பார்.

ஸ்வால்பார்டின் லாங்இயர்பைன் ஊருக்குள்ளேயே ஆர்க்டிக் ஆலாக்கள் கூடு கட்டும். அருகே போனால் தலையில் கொத்தும். கையையோ குச்சியையோ தலைக்கு மேல் உயர்த்தினால் உயரமானதைத்தான் கொத்தும். இதே ஆலாக்கள் நம் மழைக்காலத்தில் அண்டார்க்டிக் கடலை நோக்கிப் போய்விடுகின்றன. நம் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் கல்திருப்பி உள்ளானின் இனத்தைச் சேர்ந்த பறவைகளை, இனப்பெருக்க காலத்துச் செம்பழுப்புக் கோலத்தில் அவர் அங்கே பார்க்கலாம். முப்பது ஆண்டு ஊசுடுக்காரருக்கு அது பனிக்கரடிக்குக் குறைந்ததாக இராது என்று நினைக்கிறேன்.

காதைப் பற்றி: குடியிருப்புக்கு வெளியே கரையிறங்கினால், கரடிக்காகத் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடு கூட்டமாகவே நடக்க வேண்டும், "நில்" என்றால் உடனே நிற்க வேண்டும். ஆகவே அவருக்குக் காது மந்தம் என்பதை வழிகாட்டிகள் அனைவரிடமும் முதல் நாளே சொல்லி, கையசைவில் குறிப்புக் கேளுங்கள். பேருந்தில் காதருகே பேசுவதுபோல் அங்கே படகு எஞ்சின் இரைச்சலில் பேச முடியாது. விலங்கு எந்தத் திசையில் என்பதைக் கடிகார முறையில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள்: கப்பலின் முகப்பு பன்னிரண்டு மணி, வலப்புறம் மூன்று. உங்களுக்குள் ஒரு விரல் குறிப்பு வைத்துக்கொண்டால், மற்றவர்கள் திரும்புவதற்குள் அவர் பார்த்துவிடுவார். காதுக்கருவியின் சிறு மின்கலம் குளிரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். மாற்று மின்கலங்களை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.

ஸ்வால்பார்டுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோ வழியாகப் போய்வர வேண்டும், ஸ்வால்பார்டோ ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது; ஆகவே அந்த விசாவை இரண்டு முறையாவது நுழைய அனுமதிப்பதாக வாங்க வேண்டும். ஒரே முறை நுழையும் விசா வாங்கினால் தீவுக்குப் போய்விடலாம். திரும்பி வர முடியாது. அங்கே நி ஆலசுண்டில் 2008 முதல் இயங்கும் நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. சில கப்பல்கள் அந்த ஊரில் நிற்பதுண்டு.

கேள்வி: காசிக்குப் போனால் கங்கைநீர் கொண்டுவருவதைப் போல, அண்டார்க்டிக்காவிலிருந்து ஒரு கூழாங்கல்லாவது எடுத்துவந்து பூசை அறையில் வைக்க வேண்டும் என்கிறார் எங்கள் அம்மா. சிறு கல்தானே, எடுத்து வரலாமா? — வாசகர், கடலூர் முதுநகர்.

பதில்: கூடாது. அண்டார்க்டிக்காவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையும், அதை ஒட்டி எழுந்த பயணி விதிகளும் கல், எலும்பு, இறகு எதையும் எடுக்க இடம் தருவதில்லை. இந்தியாவும் 2022இல் தனக்கென ஓர் அண்டார்க்டிக் சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் போகட்டும். ஜென்டூ பென்குயின்கள் கூடு கட்டுவது அந்தக் கூழாங்கற்களால்தான். பனி உருகி நீர் ஓடும்போது முட்டை நனையாமல் காப்பது அந்தக் கற்குவியல். ஒரு நல்ல கல்லுக்காகப் பக்கத்துக் கூட்டில் திருடுவதும், கையும் களவுமாகப் பிடிபட்டுக் கொத்து வாங்குவதும் அங்கே நாள்தோறும் நடப்பவை. அம்மாவிடம் இதைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். ஸ்வால்பார்டிலும் இதே கதைதான். 1946க்கு முற்பட்ட மனிதத் தடயம் எதுவானாலும், துருப்பிடித்த ஆணியேயானாலும், அங்கே காக்கப்பட்ட பொருள்.

எடுத்துவரத் தக்கது ஒன்று உண்டு. கூன்முதுகுத் திமிங்கிலம் மூழ்கும்போது தூக்கும் வாலின் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம், நம் கைரேகையைப் போல ஒன்றுக்கு இருப்பது மற்றொன்றுக்கு இருக்காது. அம்மாவின் கைபேசியிலேயே அதை ஒரு படம் எடுத்து, நாளையும் இடத்தையும் சேர்த்து, 'ஹேப்பிவேல்' என்னும் இணையப் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். அந்த வால் முன்பே பதிவானதா என்று ஒப்பிட்டுச் சொல்வார்கள். அண்டார்க்டிக் தீபகற்பத்துத் திமிங்கிலங்கள் குட்டி ஈன வடக்கே கொலம்பியா, ஈக்வடார் கரைகளுக்குச் செல்பவை. அங்கே வேறொருவர் அதே வாலைப் படம் பிடித்து அனுப்பும் நாளில், முதுநகரில் இருக்கும் அம்மாவுக்கும் செய்தி வரும்.